ஆதிமூலம் சார் கொட்டிய ‘ம்’

மலையிலிருந்து சாரல் பொசுபொசுவென்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கல்லூரியில் கணக்குப் படிக்க வந்த சங்கரகோமதி, துறைத்தலைவர் ஆதிமூலத்தின் முன்னால் சாமியை வேண்டிக்கொண்டு நின்றாள். துணைப்பாடமாக நாட்டுப்புறக் கதைகளை எடுக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. அவர் சம்மதிக்க அன்றுதான் கடைசி நாள். இல்லையென்றால் வணிகவியல்தான் தலையில் விழும்.

“கணக்குக்குக் கதை துணையாக்கும்? என் வாயிலிருந்து ஒரு ‘ம்’ வாங்கிரு, பாப்போம்,” என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டே.

“சரிங்க சார். ஒரு ஊர்ல ஒரு பொண்ணு, கிணத்துல கிடந்த நிலாவைக் குடத்துல மோந்துட்டா.”

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“குடத்தை இடுப்புல வச்சு நடந்தா. வெளிச்சம் தளும்பி விழுந்த இடமெல்லாம் மல்லிகை பூத்துச்சு.”

சன்னலுக்கு வெளியே மலையை மேகம் மூடியது. அவர் பார்வை அந்த மேகத்துக்குள் மெல்லப் போய்விட்டது.

“வாசனையைப் பிடிச்சுக்கிட்டே ஊர்ச்சனம் பின்னால வந்துச்சு.”

“ம்.”

“வாசல்ல நின்ன அம்மா, குடத்துல என்னடி கொண்டாறேன்னு கேட்டா.”

“ம்... ம்.”

சங்கரகோமதி கதையை நிறுத்திவிட்டாள். பக்கத்து மேசை ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“அது சம்மதம் இல்ல தாயி. கதைக்குக் கொட்டின ‘ம்’,” என்றார் அவர், அசடு வழிய.

“நானும் கதைக்குத்தான சார் கேட்டேன்.”

அவர் அவளுடைய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அவ அம்மாகிட்ட என்ன சொன்னா?”

“இனிமேத்தான் சார் படிக்கணும்.”