சோத்தாங்கைக் கண்ணு

கொம்பையா அண்ணாச்சி வாயைத் திறந்தால் புளுகுவார் என்று சொல்வது தப்பு. வாய் மூடியிருக்கும்போதும் மீசைக்குள் ஒரு புளுகு வெந்துகொண்டுதான் இருக்கும். பாளையங்கோட்டையில் டிவி ரிப்பேர் பார்க்கிறவர். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களை ஊரில் எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில் அவரிடமும் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் லூர்து சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கூடுவார்கள். எட்டுப் பேரும் அவரவர் கையாலேயே முப்பரிமாணக் கண்ணாடி செய்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். திரையில் ஒரு கண்ணுக்கு ஒரு படம், மறு கண்ணுக்கு ஒரு படம் என்று மாறி மாறி வரும். கண்ணாடி அதற்கேற்ப ஒரு கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடும். ஒழுங்காக நடந்தால் படம் திரையை விட்டு வெளியே வரும். ஆனால் எட்டுக் கண்ணாடிக்கும் எட்டு விதமான பிளக். எந்தக் கண்ணுக்கு முதல் படம் என்பதிலும் ஆளாளுக்கு ஒரு கட்சி.

எட்டுப் பேரில் ஒருத்தியான இசக்கியம்மா பன்னிரண்டாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். மூன்று மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஓடும்படி ஒரு பஸ்ஸை எழுதியிருந்தாள். மலையடிவாரத்திலிருந்து கிளம்பி நேரே மூக்குக்கு வரும் பஸ். முதலில் அவள் கண்ணாடியில் மட்டும்தான் வந்தது. நாளைக்குச் சென்னைக்கு ரயில் ஏறுகிறாள், வேலைக்கு. இன்றைக்கே எல்லோருக்கும் ஒரே விதி என்று முடிவாகாவிட்டால், அவள் போன பிறகு அந்தப் பஸ் யார் வீட்டிலும் ஓடாது. பிளக்கையும் வயரையும் அவள் தாளில் உள்ளபடி எல்லோரும் மாற்றிப் பார்த்திருந்தார்கள்; இனி விதிக்கு எட்டுப் பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு விழுந்துவிட்டது. எட்டாவது கொம்பையா.

"என் கண்ணாடிக்கு எதுக்கு பிள்ள ரூலு?" என்றார் அவர். "போன மாசம் மாங்கா பறிக்கிற ஆட்டம் ஒண்ணு போட்டேன். கைய நீட்டுனேன். காம்போட வந்துட்டு. எங்க வீட்ல ஊறுகாயே போட்டாச்சு."

"அந்த ஊறுகாய நாங்களும் கண்ணால பாக்கலாமா?" என்றார் ஜெராக்ஸ் கடை மைதீன்.

"என்னவே, மறந்துட்டீரா? உம்ம வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டேம்லா. உப்புக் கூடுதல்னு நீர்தான் சொன்னீரு."

மைதீன் ஒரு நிமிஷம் தன்னையே சந்தேகப்பட்டார். அண்ணாச்சியின் தொழில்நுட்பமே அதுதான்.

"அது கிடக்கட்டும். அடுத்த நாள் மீன் பிடிக்கிற ஆட்டம். நெய்மீன் ஒண்ணு வெளிய எட்டிப் பாத்துது. பக்கத்து வீட்டுப் பூனை ஒரே தாவு. மீனு உள்ள போயிட்டு, பூனையும் கூடவே போயிட்டு. இன்னைக்கும் கம்ப்யூட்டர ஆன் பண்ணா உள்ளேருந்து கத்துது."

"அது மோடம் சத்தம் வே," என்றார் லூர்து சார்.

"மோடத்துக்கு எதுக்கு சார் நான் பாலு வைக்கேன்?"

இசக்கி விதித்தாளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதை விசிறியாக்கிக்கொண்டார்.

"மழையில கார் ஓட்டுற ஆட்டம் போட்டேன் பாருங்க. வீட்டுக்குள்ள முழங்கால் அளவுக்குத் தண்ணி. தெருவே குடத்தத் தூக்கிட்டு வந்து வரிசையில நின்னுட்டு. கடைசிக் குடம் நிறையப் போற நேரம் கரண்டு போயிட்டு. அத்தனை குடத்துலயும் தண்ணி மாயம்! நடுத்தெருவுல நின்னு என்னைய ஏசுதாளுவ. மின்சார வாரியம் பண்ணுன தப்புக்கு நான் என்ன செய்ய?"

இசக்கிக்குப் பொறுமை தீர்ந்தது. "அண்ணாச்சி, பேச்சு போதும். உங்க கண்ணாடியப் போடுங்க, என் பஸ்ஸப் பாருங்க."

போட்டார். தலையைச் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"என்ன தெரியுது?"

"மலை வந்து மூக்குல இடிக்கி. பஸ்ஸு மலைக்கு அந்தப் பக்கம் போவுது." பிறகு சுதாரித்துக்கொண்டார். "பாத்தியளா? உங்களுக்கெல்லாம் வெறும் பஸ்ஸு. எனக்குப் பொதிகை மலையே இறங்கி வருது!"

கண் மாறியிருக்கிறது; வலக்கண் படம் இடக்கண்ணுக்குப் போகிறது. இசக்கி கண்ணாடியைப் பிடுங்கிக் கழற்றிப் பார்த்தாள். "நான் சொன்ன மாதிரி வயர் மாட்டலியா?"

"உன் தாள்ல உள்ளபடி அச்சு அசலா மாட்டியிருக்கேன்," என்றார். இசக்கிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

முதலில் அவள் 'வலது கண்' என்றுதான் எழுதியிருந்தாள். மேஜையில் எதிரே வைத்துப் பற்றவைத்த லூர்து சார், தனக்கு வலது எதுவோ அதில் வயரை மாட்டிவிட்டார். மாட்டுகிறவன் வலதா, போடுகிறவன் வலதா என்று இரண்டு ஞாயிறு சண்டை. கடைசியில்தான் யாரும் குழம்ப முடியாதபடி எழுதினாள்: 'முதல் படம், போடுகிறவரின் சோத்தாங்கைப் பக்கக் கண்ணுக்கு.'

அந்த நேரம் பார்த்து டீயும் பஜ்ஜியும் வந்தன. அண்ணாச்சி ஒரு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்துச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டார். இடது கையால்.

இசக்கி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணாச்சி, சோறும் அந்தக் கையாலதானா?"

"பொறந்ததுலேருந்து. எங்க அம்மா கரண்டியால அடிச்சுப் பாத்தா. கரண்டிதான் வளைஞ்சுது."

ஆக, அவருக்குச் சோத்தாங்கை இடதுதான்; வாழ்க்கையில் முதல்முறையாக அவர் உண்மை சொல்லியிருக்கிறார். தப்பு இசக்கியின் தாளில். அதை அவளால் மறைக்கவும் முடியவில்லை. "என் தப்புதான்," என்று சொல்லிவிட்டு அடித்து எழுதினாள்: 'சட்டைப் பை இல்லாத பக்கம்.'

அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். பை வலது பக்கம் இருந்தது. "இடது கையால பேனா எடுக்கத் தோதா டெய்லர்ட்ட சொல்லி மாத்தித் தச்சது."

'இதயம் துடிக்காத பக்கம்,' என்று எழுதினாள்.

"எனக்கு வலது பக்கம்தான் பிள்ள துடிக்கி. டாக்டரே குழாயத் தூக்கிப் போட்டுட்டு ஓடிட்டாரு."

மூன்று பேர் தலையில் கை வைத்தார்கள். இசக்கி கடிகாரத்தைப் பார்த்தாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்:

'முதல் படம், கொம்பையா அண்ணாச்சி சோறு திங்காத கைப் பக்கக் கண்ணுக்கு.'

அண்ணாச்சி இரண்டு தரம் படித்தார். மீசை ஏறியது. "பாத்தியளா? நாளைக்கு உலகமே கண்ணாடி செய்யணும்னா என் பேரச் சொல்லித்தான் செய்யணும்!" இடது கையால் நீட்டி முழக்கிக் கையெழுத்துப் போட்டார்.

"ஆமா அண்ணாச்சி," என்றாள் இசக்கி. "எது தப்புன்னு காட்ட ஒரு ஆளு வேணும்லா." தானும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, மற்ற ஆறு பேரும் பின்பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போடுவதற்குள் அவருடைய இரண்டு வயர்களையும் மாற்றிப் பற்றவைத்து, கண்ணாடியை அவர் மூக்கில் ஏற்றினாள்.

பஸ் கிளம்பியது.

"எம்மா!" என்று அலறிக்கொண்டு அண்ணாச்சி நாற்காலியோடு பின்னால் சரிந்தார். டீ முழுதும் வலது பக்கப் பையில். தரையில் கிடந்தபடியே கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நெசமாவே வெளிய வருது பிள்ள," என்றார். "இம்புட்டு நாளா எனக்கு ஒண்ணுகூட வெளிய வந்ததில்ல."

மைதீன் பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் தின்ன ஊறுகா?"