முந்தி வந்தவர் வழக்கு

முன்னொரு காலத்தில், ஊர் நிறைய வயலும் வயல் நிறைய வரப்புச் சண்டையுமாக இருந்த ஒரு நாட்டை மருதவேந்தன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், பொறுமை மட்டும் கிடையாது. காலையில் கொலுமண்டபத்தில் உட்கார்ந்தால் உச்சிப்பொழுது வரை வழக்கு. வாதி ஒன்று சொல்வான், பிரதிவாதி வேறொன்று சொல்வான், மன்னனுக்குத் தலை சுற்றும். அதற்குள் சமையற்கட்டில் சோறு ஆறிப்போகும்.

ஒருநாள் விருந்தில் யாரோ, "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று பழமொழி சொன்னார்கள். மன்னன் கையிலிருந்த அப்பளத்தை அப்படியே இலையில் வைத்தான்.

"ஆகா! வழக்குக்கும் அதுதான் முறை. மெய் சொல்ல வருபவன் ஓடோடி வருவான். பொய்யன் தயங்கித் தயங்கி வருவான். நாளை முதல் சபைக்கு முந்தி வந்தவன் சொல்வதே தீர்ப்பு. எதிராளி வாய் திறக்கக் கூடாது!"

"தேவலோகத்திலும் இப்படியொரு நீதிமுறை இல்லை, பிரபு!" என்று பிரதானி கரியமாணிக்கம் எழுந்து கும்பிட்டார்.

பந்தியின் கோடியில் உலகளந்தான் இருந்தான். பேர்தான் அப்படி, எழுந்து நின்றால் மற்றவர் இடுப்புக்கு வருவான். அவன் அரசவை விகடகவி. மன்னன் அவன்மேல் வைத்திருந்த பிரியம் பிரதானிக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

"வேந்தே, நொண்டி வந்து சேருமுன் கள்ளன் வந்துவிட்டால்?" என்று கேட்டான் உலகளந்தான்.

"நொண்டிக்குப் பல்லக்கு அனுப்பச் சொல்கிறாயா?" என்று மன்னன் சிரித்தான். மன்னன் சிரித்ததால் பந்தியும் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக அது சட்டமாகிவிட்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே ஊரை! ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டு, "ஐயோ, அடித்துவிட்டான்!" என்று தானே கூவிக்கொண்டு அரண்மனைக்கு ஓடுவான். அடிபட்டவன் எழுந்து வேட்டியைக் கட்டுவதற்குள் தீர்ப்பு முடிந்திருக்கும். குழம்பில் உப்பு என்று மாமியார் முணுமுணுத்தாலே மருமகள் ஓடுவதற்குப் புடவையைத் தூக்கிச் செருகினாள். மன்னனோ வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பிட்டான்.

ஒரு காலை உலகளந்தான் கோட்டை வாசலைத் தாண்டும்போது, மோர் விற்கும் பூவாயி மதிலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் வீக்கம். ஊன்றுகோல் இல்லாமல் நடை கிடையாது.

"என்ன தாயி, இங்கே உட்கார்ந்துட்டே?"

"என் எருமை போச்சு சாமி! பக்கத்து வீட்டுச் சங்கிலி அது தன்னுதுன்னு முந்தி வந்து சொல்லிப்புட்டான். நான் விந்தி விந்தி வந்து, 'ராசா'ன்னு வாயெடுத்தேன், சேவகன் வாயைப் பொத்திட்டான். அது வவுத்துல கெடந்தப்பவே அதோட ஆத்தாளுக்குத் தவிடு வச்சவ நானு. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

 உலகளந்தான் நேரே மன்னனிடம் போய் அவளுக்காகப் பேசினான். "தீர்ந்த வழக்கு தீர்ந்ததுதான்" என்று மன்னன் கையை அசைத்துவிட்டான்.

இதைத் தூணோரம் நின்று கேட்ட பிரதானிக்கு உலகளந்தானைத் துரத்த வழி தெரிந்துவிட்டது. மறுநாள் கதவு திறந்ததும் முதல் ஆளாகச் சபைக்குள் பாய்ந்தார்.

"பிரபு, வழக்கு! தங்கள் மகுடத்தைச் சோற்றுப்பானை என்று உலகளந்தான் கடைத்தெருவில் சொன்னான். என் காதாலேயே கேட்டேன்!"

மன்னனின் முகம் சிவந்தது. பின்னால் வந்த உலகளந்தான், "வேந்தே, நான் சொன்னது..." என்று தொடங்க, சேவகன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"நாளைப் பொழுது சாயுமுன் என் எல்லையைத் தாண்டிப் போய்விடு" என்றான் மன்னன். அவன் குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே!

நாக்கால் பிழைத்தவன் உலகளந்தான். அன்று வீடு போகும்வரை நாக்கு வாய்க்குள் மரக்கட்டைபோலக் கிடந்தது. மோர்க்காரிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது.

மறுநாள் விடிந்தது. மன்னன் கொலுமண்டபத்துக்கு வந்து அரியணையில் அமர்ந்தான். அமர்ந்ததுதான் தாமதம், அரியணைக்கு அடியிலிருந்து ஒரு குரல்:

"வேந்தே, வழக்கு!"

மன்னன் துள்ளி எழுந்தான். அடியிலிருந்து உலகளந்தான் தவழ்ந்து வெளியே வந்து, தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"இன்றைக்கு நான்தான் முதல் ஆள். என் வழக்கைச் சொல்கிறேன். இந்த அரண்மனை என் பாட்டனார் கட்டியது. இந்த அரியணை என் பாட்டியார் சீதனம். இரண்டையும் மருதவேந்தர் என்பவர் அபகரித்துக்கொண்டார்."

"என்ன உளறுகிறாய்! என் முன்னோர்..."

"உஷ்!" உலகளந்தான் விரலை உதட்டில் வைத்தான். "எதிராளி வாய் திறக்கக் கூடாது. சேவகரே, ஈட்டியை நீட்டும்."

சேவகன் ஈட்டியைப் பார்த்தான், மன்னனைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டான்.

"பிரபு, அரசருக்கு ஏது சட்டம்? அது குடிகளுக்குத்தானே!" என்று பிரதானி குறுக்கே புகுந்தார்.

"அப்படியா? பிரதானி ஒரு குடிதானே! அடுத்த வழக்கு: பிரதானியின் மாளிகையும் என்னுடையது. அவர் உடுத்தியிருக்கும் பட்டும்தான். இப்போதே அவிழ்க்கச் சொல்லுங்கள்."

"ஐயையோ! இது நேற்றுத்தான் நெய்து வந்த..."

"உஷ்!"

பிரதானி இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மன்னன் மென்று மென்று விழுங்கினான். கேட்கப்படாத வார்த்தை நெஞ்சை எப்படி அடைக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"நான் பேச வேண்டும், உலகளந்தான்!" என்று கடைசியில் கத்திவிட்டான்.

"என்ன பேசுவீர்கள்?"

"உண்மையைத்தான்!"

"அதைச் சொல்லத்தான் பூவாயியும் விந்தி விந்தி வந்தாள், வேந்தே. பொய் தயங்கி வரும் என்றீர்கள். என் பொய்யைப் பாருங்கள், விடியுமுன்பே வந்து உட்கார்ந்திருந்தது."

 மன்னன் அரியணையின் கைப்பிடியைப் பற்றினான். பிறகு மெல்ல உட்கார்ந்தான்.

"சரி. மகுடத்தைப் பற்றி நீ என்ன சொன்னாய்? இப்போது சொல்."

"'சோற்றுப்பானைதான் எனக்கு மகுடம்' என்றேன். கடைத்தெருவில் பசி வந்தால் யாரும் சொல்வதுதானே? பிரதானி கேட்டது மெய்தான். முன்னதைப் பின்னதாக்கிவிட்டார், அவ்வளவே."

பிரதானி தலையை நிமிர்த்தவே இல்லை. மன்னன் அன்றே பழைய சட்டத்தை நீக்கி, இருதரப்பும் பேசாமல் தீர்ப்பில்லை என்று பறையறையச் சொன்னான். அதுவரை தீர்ந்த வழக்குகளைத் திரும்ப விசாரிக்க இருதரப்பையும் அழைத்து வரும் வேலை பிரதானிக்கு. பூவாயிக்குப் பல்லக்கு போயிற்று. சங்கிலிக்குச் சேவகன் போனான்.

"எருமையைக் கன்றிலிருந்து வளர்த்தது நாந்தானுங்க" என்றான் சங்கிலி.

பூவாயி பல்லக்கிலிருந்து இறங்கினாள். "அப்படியா? உன் வீட்டுக்குப் போனதிலிருந்து அது ஒரு சொட்டுப் பால் குடுத்துச்சா? ராசாவுக்குச் சொல்லு."

சங்கிலி ஒரு காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவன் முழங்காலில் துணிக்கட்டு இருந்ததையும், அதற்கு மேலே எருமைக் குளம்பளவுக்கு வீங்கியிருந்ததையும் மன்னன் அப்போதுதான் கவனித்தான்.

"சாட்சி காலிலேயே இருக்கிறதே!" என்று மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் முத்துமாலையைக் கழற்றி உலகளந்தான் கழுத்தில் போட்டான். எருமையைப் பூவாயிக்குத் திருப்பிக் கொடுத்து, ஒரு மாதம் அதற்குப் புல் அறுத்துப் போடுமாறு சங்கிலிக்குத் தண்டனையும் விதித்தான்.

மாலையில் பூவாயி எருமையை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். பின்னால் சங்கிலி, தலையில் புல்லுக்கட்டோடு, அதன் பின்னங்கால் எட்டாத தூரம் பார்த்து நடந்துபோனான்.