தாய் நீர்நாயும் கீரி வைத்தியரும்

மலையிலிருந்து இறங்கிய ஆறு காட்டுக்கு நடுவில் வளைந்து, ஆழமான மடுவாகத் தேங்கி நின்றது. அந்த மடுவின் கரையில், நீர்மருத மரத்தின் வேர்களுக்கு அடியில், செம்பி என்ற தாய் நீர்நாய் வளை தோண்டிக் குடியிருந்தாள்.

மீன் பிடிப்பதில் செம்பியை மிஞ்ச அந்த மடுவில் ஆள் கிடையாது. வாளை மீன் வாலை ஆட்டுவதற்குள் அதன் கழுத்து அவள் வாயில் இருக்கும்!

அப்படிப்பட்டவளுக்குக் கோடை பிறந்ததும் உடம்பு படுத்தியது. விலாவுக்குக் கீழே கல்லைப் போல ஒரு கட்டி. தின்றது எதுவும் தங்கவில்லை. மினுமினுத்த உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது.

செம்பிக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவன் பெருவாலன் கீழ்மடுவில் தனிக்குடித்தனம். கடைசி மகன் நுரையன் அருவிப் பக்கம் போய்விட்டான். நடுவில் பிறந்த சுழலிதான் தாயோடு இருந்தாள்.

அம்மா படுத்ததிலிருந்து சுழலிக்கு எதைப் பார்த்தாலும் கோபம். துள்ளுகிற மீனைப் பார்த்தால் கோபம். பாறையில் வெயில் காய்கிற ஆமையைப் பார்த்தால் கோபம். 'இதுகளுக்கெல்லாம் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது! என் அம்மாவுக்கு மட்டும் ஏன்?' என்று பல்லைக் கடிப்பாள்.

செய்தி கேட்டு அண்ணனும் தம்பியும் ஓடி வந்தார்கள். வந்ததும் சண்டை தொடங்கியது.

"அப்பவே சொன்னேன், வயசான காலத்துல அருவிப் பக்கம் போகாதேன்னு!" என்றான் பெருவாலன்.

"நீ சொன்னியா? நீ எப்ப வந்த, சொல்றதுக்கு?" என்று சீறினான் நுரையன்.

நடுவில் படுத்திருந்த செம்பி, பேசுகிறவன் முகத்தையெல்லாம் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பெருவாலன் ஒரு கீரியை அழைத்து வந்தான். அந்தக் காட்டில் அவருக்கு வைத்தியர் என்று பெயர்.

"பாம்பு கடித்தாலும் சாகாத குலம் எங்கள் குலம்! எங்களுக்குத் தெரியாத பச்சிலையா?" என்று மீசையை முறுக்கினார் கீரி. செம்பியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"கட்டி முற்றிவிட்டது. பிழைப்பது கடினம். ஆனாலும் பத்தியம் இருந்தால் பார்க்கலாம். நோயாளியிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது!"

"என்ன பத்தியம்?" என்று கேட்டாள் சுழலி.

"தண்ணீர் ஆகாது! குளிர்ச்சி இறங்கினால் கட்டி வளரும். மீன் ஆகாது. நண்டு ஆகவே ஆகாது! வேளாவேளைக்குப் பச்சிலைச் சாந்து மட்டும்."

"தண்ணி ஆகாதா? நாங்க நீர்நாயாச்சே, வைத்தியரே!"

"அதனால்தானே நோயே வந்தது!"

"அப்ப அம்மாவோட பங்கு மீனை என்ன பண்றது?" என்று கேட்டான் நுரையன்.

"வீணாக்க வேண்டாம்," என்றார் கீரி. "அதை நான் எடுத்துக்கொள்கிறேன்."

சுழலிக்குப் பயம். பயந்தவளுக்கு யோசிக்க ஏது நேரம்? அன்றைக்கே கற்களை உருட்டி வந்து, வளையிலிருந்து தண்ணீருக்குப் போகும் வாயை அடைத்தாள்.

"ஏன்டி வழியை அடைக்கிற?" என்று கேட்டாள் செம்பி.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்மா! சீக்கிரம் சரியாயிடும்!" முகத்தைப் பார்க்காமலே சொன்னாள் சுழலி.

தண்ணீர் படாத செம்பியின் மயிர் காய்ந்து சடை பிடித்தது. சொறிந்து சொறிந்து தோல் புண்ணாயிற்று. பச்சிலைச் சாந்தைத் துப்பினாள். சுழலி விடவில்லை. "முழுங்கு! முழுங்கினாத்தான் ஆச்சு!" என்று வாயைத் திறந்து திணித்தாள்.

நீர்க்கோழியும் மந்தியும் நலம் விசாரிக்க வந்தன. "தூங்குறாளா? எதாச்சும் இறங்குதா?" என்று செம்பியின் தலைக்கு மேலாகச் சுழலியைக் கேட்டன. செம்பி வாயைத் திறப்பதற்குள் சுழலியே பதில் சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் காலை, வைத்தியருக்கு மீன் பிடிக்கச் சுழலி வெகுதூரம் போனாள். திரும்பி வந்தவள் வளைக்குள் பார்த்துத் திடுக்கிட்டாள்.

படுக்கையில் அம்மா இல்லை. அடைத்து வைத்த கற்களின் மேல் விழுந்து கிடந்தாள். நகங்கள் பெயர்ந்து ரத்தம். ஒரே ஒரு கல் நகர்ந்திருந்தது. அந்தச் சந்து வழியாக முன்னங்காலை நீட்டி, விரல் நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! என்ன காரியம் பண்ற? செத்துப் போயிடுவ!"

செம்பி திரும்பினாள். அவள் கண்ணில் அப்படி ஒரு நெருப்பைச் சுழலி பார்த்ததே இல்லை.

"போவேன்டி! எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கட்டி என் வயித்துல இருக்கா, உன் வயித்துல இருக்கா? வெளியே நின்னு குசுகுசுன்னு பேசினா எனக்குக் கேக்காதா? நோவு வயித்துலதான், காதுல இல்ல!"

"உன்னைக் காப்பாத்தத்தானேம்மா இவ்வளவும்..."

"யாரைக் கேட்டுச் செஞ்ச? அண்ணனைக் கேட்ட, தம்பியைக் கேட்ட, அந்தக் கீரியைக் கேட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நான் இன்னும் சாகலைடி! அதுக்குள்ள என்னைப் பொணமாக்கி வெச்சுப் பேசறீங்க!"

சுழலிக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "ராப்பகலா உன்கூடக் கிடக்கிறது நான்! அவங்க வந்து கத்திட்டுப் போறாங்க. என்னைப் போய்த் திட்டறியே!"

"உன்னைத்தான் திட்டுவேன்! பக்கத்துல இருக்கிறவ நீதானே? நீயாவது கேட்டிருக்க வேணாமா?"

இத்தனை நாளும் உலகத்தின் மேலெல்லாம் கோபப்பட்ட சுழலி, முதல்முறையாகத் தன் மேல் கோபப்பட்டாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"தண்ணி வேணும். அப்புறம் ஒரு நண்டு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்வேன். அப்ப 'சரியாயிடும்'னு யாரும் என் வாயை மூடக்கூடாது."

சுழலி கற்களை ஆத்திரத்தோடு உதைத்துத் தள்ளினாள். தாயை மெல்ல அணைத்துத் தண்ணீரில் இறக்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் பெருவாலனோடு கீரி வந்து சேர்ந்தார். "ஐயோ! பத்தியம் முறிந்தது! இனி நான் பொறுப்பில்லை!" என்று கூவினார்.

"முன்னாடி மட்டும் பொறுப்பா இருந்தீங்களா?" சுழலி கரையேறி நின்றாள். "பிழைக்கமாட்டான்னு தெரிஞ்சே அவ வாய்க்குப் பூட்டுப் போட்டீங்க! அவ பங்கைத் தின்னு உங்க வயிறு உப்பிப் போச்சு. எங்க அம்மா வயிறு ஒட்டிப் போச்சு! இன்னொரு தடவை இந்தக் கரையில உங்க வாலைப் பார்த்தேன், வால் இருக்காது!"

அவள் பல்லைக் காட்டியதும் கீரி புதருக்குள் பாய்ந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா செத்தா உன் பழிதான்!" என்று தங்கை மேல் பாய்ந்தான் பெருவாலன்.

தண்ணீரிலிருந்து செம்பியின் குரல் வந்தது. "டேய் பெரியவனே! நான் செத்தா அது நோவோட பழி. உயிரோட இருக்கிறப்பவே தவிக்க விட்டா, அதுதான் உங்க பழி. அங்க நின்னு கத்தாம இறங்கி வாடா. வந்து என் முதுகைத் தாங்கு. தனியா நீந்த முடியல."

பெருவாலன் இறங்கி வந்து அவள் முதுகைத் தாங்கினான்.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. கட்டி கரையவில்லை. ஆனால் அந்தக் கோடை முழுவதும் செம்பி தினமும் நீந்தினாள். ஒரு பக்கம் பெருவாலன் தாங்கினான், மறுபக்கம் நுரையன் தாங்கினான். நண்டு தங்காத நாளில் அதன் சாற்றை மட்டும் உறிஞ்சினாள். வலி பொறுக்காதபோது வலி தணிக்கும் வேரைத் தானே கேட்டு வாங்கி மென்றாள். பிள்ளைகளை வாய் ஓயாமல் திட்டினாள். அவர்களும் திருப்பிச் சண்டை போட்டார்கள்.

முதல் மழை பெய்து ஆறு கலங்கிய காலையில், ஈர மயிரோடு மணல்திட்டில் படுத்தபடி, மூன்று பிள்ளைகளும் அருகில் இருக்க, அவள் உயிர் பிரிந்தது.

சுழலி தாங்கமுடியாமல் அழுதாள். கீரியின் மேல் இருந்த கோபம் நாளடைவில் ஆறிவிட்டது. அம்மா தண்ணீருக்கு அருகிலேயே தண்ணீரில்லாமல் காய்ந்து கிடந்த நாட்களுக்காகத் தன் மேல் கொண்ட கோபம் மட்டும் கடைசிவரை ஆறவில்லை.

நோயில் கிடப்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் அவருக்குச் செய்யும் நன்மை, எவ்வளவு அன்போடு செய்தாலும் கொடுமையே ஆகும்.