நண்டுக்கால்

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் பழந்துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பார்கள். பனிக்காலம் தொடங்குமுன் அவை பக்கத்து ஊரிலிருந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் போய்விடும்.

வடிவாம்பாள் அங்கே வந்து மூன்று வருடமாகிறது. பஸ் கண்டக்டராக இருந்த கணவர் இறந்த பிறகு வந்தவள். குரு அருள்மொழி அம்மைக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்பார். சிஷ்யை குருவை "அம்மா" என்பாள்.

ஏணிப்படி, குருவிக்கூடு, நண்டுக்கால் என்று எல்லாத் தையலும் அவளுக்குக் கைவந்துவிட்டது. கொண்டுவந்த புடவைகளையெல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டாள். கணவரின் காக்கிச் சட்டை ஒன்று மட்டும் பெட்டியிலேயே கிடந்தது.

ஒரு நாள் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்தப் பேரெல்லாம் யாரும்மா வச்சது?"

"மத்ததெல்லாம் தெரியாதுக்கா. நண்டுக்கால் கதை மட்டும் எங்க குரு சொல்லியிருக்காங்க."

"அதை முதல்ல தைச்சவ கடற்கரைக்காரியா?"

"கடலையே பார்க்காதவ. இறந்துபோன மகளோட பாவாடையை வெட்ட உட்கார்ந்தாளாம். கை நடுங்கி, ஓரமெல்லாம் கோணிப்போச்சு. அப்படியே தைச்சுட்டா."

வடிவாம்பாளின் ஊசி நின்றது.

"அப்புறம்?"

"அந்தப் போர்வைக்குள்ள மூணு பிள்ளைங்க படுத்துத் தூங்கினாங்க. நண்டுக்கால்னு சொல்லிச் சிரிச்சது அவங்கதான்."

"பாவாடை யாரோடதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

வடிவாம்பாள் மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை காக்கிச் சட்டையோடு வந்தாள். கத்திரியை எடுத்தாள், கீழே வைத்தாள். சட்டையின் தோளில், தோல்பை வார் உரசித் தேய்ந்த தடம் இருந்தது. அதையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

குரு எதிரே உட்கார்ந்து, சட்டையின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

கத்திரி ஓடியது. நேராக ஓடவில்லை.

"பாருங்கம்மா," என்றாள் வடிவாம்பாள். "ஏணிப்படியா நண்டுக்காலான்னு சொல்ல முடியாதபடி வந்திருக்கு. இதுக்கு என்ன பேர் வைக்கிறது?"

குரு அந்தத் துண்டை வாங்கினார். முழங்காலில் விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் போக நீவிவிட்டார்.

"நாம வைக்க வேண்டாம்க்கா," என்றார். "போர்த்திக்கிற பிள்ளை வைக்கும்."