நாற்பது துண்டு மயில்

மதுரையில் அசையும் படம் வரையக் கற்றுக்கொடுக்கும் பர்வீனுக்கு வயது இருபத்தொன்பது. அவளிடம் படிக்க வந்த தெய்வேந்திரனுக்கு ஐம்பத்திரண்டு. மனுஷன் வயதையெல்லாம் பார்க்கவில்லை, வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

துணி மில்லில் முப்பது வருஷம் சேலைக்குப் பூ வரைந்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் பூவைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். வரைந்தது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. இப்போதுதான் முதல்முறையாக அவர் பெயர் சுவர் ஏறப் போகிறது.

தோகை விரிக்கும் மயில் ஒன்றை வரைந்து அசையவிட்டிருந்தார். புதிதாகக் கட்டிய குழந்தைகள் நூலகத்தில் அதை நாற்பது தனித்தனிப் படங்களாகக் கேட்டார்கள். நடைவழிச் சுவரில் வரிசையாக மாட்டினால், பிள்ளைகள் நடக்க நடக்க மயில் தோகை விரிக்கும். வரைந்தவர் பெயரை எங்கே போடுவது என்பதை அவரே சொல்லட்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடைசிப் படம். முழுத் தோகையோடு நிற்குமே, அதற்குக் கீழேதான். சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாயிற்று.

கம்ப்யூட்டரில் மயிலை நாற்பது படமாகப் பிரித்தார். முதல் படத்தில் மயில் முழுசாக வந்தது. இரண்டாவதில் கொண்டை மட்டும். ஏழாவதில் அலகு. நாற்பதாவதில் ஒரே ஒரு இறகு நுனி, மற்றதெல்லாம் வெறுமை.

ஃபைல் சின்னதாக இருக்கட்டும் என்று, முந்தைய படத்திலிருந்து அசைந்த பாகத்தை மட்டும் சேமிக்கும்படி வைத்தவர் அவரேதான். இடத்தை அடைக்கிறது என்று மூலப் படங்களையும் அழித்திருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்து நின்றார்.

பர்வீன் திட்டவில்லை. முதல் படத்தின் மேல் இரண்டாவதை வைத்தாள். கொண்டை திரும்பிய மயில் முழுசாக நின்றது. அதைத் தனியாகச் சேமித்துவிட்டு, அதன் மேலேயே மூன்றாவதை வைத்தாள். பிறகு எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள்.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பொறுமை வரவில்லை. அரை இறகு அசைந்ததற்கெல்லாம் ஒரு படமா என்று, சில்லறையாகத் தெரிந்ததையெல்லாம் தாண்டித் தாண்டிக் கடைசிக்கு ஓடினார். வந்து நின்றது பாருங்கள் ஒரு மயில்! இரண்டு அலகு, தோகை நடுவே ஓட்டை.

முகம் சுண்டிப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. நாற்பதாவது துண்டை வைத்ததும் திரை முழுக்கத் தோகை நின்றது. இது நம் கையா என்று அவருக்கே கண் கலங்கியது. பெருமை தாங்கவில்லை.

"இந்தக் கடைசிப் படத்துக்குக் கீழதானே டீச்சர் என் பேரு?" என்று கேட்டார்.

பர்வீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் அதே பெருமை இருந்தது.

"நாப்பது துண்டுல ஒண்ணொண்ணா எடுத்துப் பாருங்கண்ணே. எதை எடுத்துட்டா இந்த மயில் குலையுதோ, அதுக்குக் கீழ பேரைப் போடுங்க."