மாடி எழும்பும் வரை

உவைஸ் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு மீன் விலையைப் பற்றிப் பேசினான். கலீல் ஹஜ்ரத் பொறுத்துப் பார்த்தார்.

"வந்த விஷயத்தைச் சொல்லுப்பா."

உவைசுக்கு இருபத்தெட்டு வயது. ஹஜ்ரத்தின் மதரஸாவில் ஓதி முடித்து அங்கேயே பாடம் நடத்துகிறவன், தொழவைக்கிறவன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"சுயஇன்பத்துக்குச் சட்டம் என்ன ஹஜ்ரத்? ஒரு கூட்டாளி கேட்டான்."

"கூட்டாளிக்கு என் ஸலாத்தைச் சொல்லு. நம்ம ஷாஃபி மத்ஹபுச் சட்டப்படி ஹராம். ஹனஃபி மத்ஹபுல, விபச்சாரத்துல விழுந்துருவோமோன்னு பயந்து செஞ்சவனை அல்லாஹ் பிடிக்க மாட்டான்னு நம்பினவங்க உண்டு. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆசை அடங்கட்டும்னு நோன்பும் வச்சுப் பார்த்துட்டான். திறந்ததும் பழைய கதைதான். தொழவைக்க முன்னால நிக்கவே கூசுதாம்."

"குளிச்சுட்டுத்தானே வர்றான்?"

"குளிக்காம வருவானா ஹஜ்ரத்!"

"அப்ப தொழுகைக்கு ஒரு கேடும் இல்ல. தவ்பா செஞ்சு, பாவமன்னிப்புக் கேட்டுட்டு தைரியமா நிக்கச் சொல்லு. பொண்ணு பார்த்தாச்சா?"

"நிச்சயம் முடிஞ்சு மூணு வருஷமாச்சு. மாடி கட்டி முடிச்சாத்தான் நிக்காஹ்னு வாப்பா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

ஹஜ்ரத் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். உவைஸ் பின்னாலேயே ஓடினான்.

"வாப்பாட்ட சொல்லிறாதீங்க ஹஜ்ரத்!"

"நான் உன் கூட்டாளியோட வாப்பாவைப் பார்க்கப் போறேன். நீ ஏன் பதறுற?"

உவைசின் வாப்பா முகைதீன் பிச்சை, கொத்தனாரை விரட்டியபடி செங்கல் குவியலருகே நின்றிருந்தார். ஹஜ்ரத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. உவைஸ் மணல் மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான், பாவம்.

"வாங்க ஹஜ்ரத்! பால்கனி மட்டும்தான் பாக்கி. அப்புறம் பூச்சு, பெயிண்டு..."

"நிக்காஹ் எப்ப?"

"என்ன அவசரம்? ஓதுன புள்ள, பொறுமையா இருப்பான். அவன் ஏதும் கேட்டானா?"

"சட்டம் கேட்டான். அவனுக்கு உள்ளதை அவன்கிட்ட சொல்லிட்டேன். உங்களுக்கு உள்ளது மிச்சம் இருக்கு."

"எனக்கா?"

"கல்யாணமாகாதவங்களுக்கு முடிச்சு வைங்கன்னு குர்ஆன்ல இருக்கே, அது மாப்பிள்ளைக்குச் சொன்னதில்ல."

கொத்தனார் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முகைதீன் பிச்சை குரலைத் தாழ்த்தினார்.

"பாதி மாடியோட நிக்காஹ் வச்சா ஊர் சிரிக்காதா ஹஜ்ரத்?"

"நல்லாச் சிரிக்கும். ஊர் சிரிச்சா நிக்காஹ் செல்லாதுன்னு நாலு மத்ஹபு இமாம்கள்ல ஒருத்தரும் சொல்லல. வர்ற வெள்ளிக்கிழமை வச்சுக்குவோமா?"