வலைக்குப் பின்னால்

சுடலைக்கண்ணுவுக்குத் தன் ஆசிரியையைவிட ஐந்து வயது கூடுதல். அவர் ஜெசிந்தாவை டீச்சர் என்பார். ஜெசிந்தா அவரை அண்ணாச்சி என்பார். தூத்துக்குடிப் பக்கத்துக் கால்பந்து நடுவர்களுக்கு இது பெரிய வேடிக்கை.

ஒரு காலத்தில் சுடலைக்கண்ணு பேர்போன ஆட்டக்காரர். பந்து காலில் வந்துவிட்டால் கோல்தான் என்று பேச்சு. ஆனால் மாவட்டக் கோப்பையின் இறுதிப் போட்டியை மட்டும் அவர் அணி எட்டவே இல்லை. ஆடுவதை நிறுத்திய பிறகு ஜெசிந்தாவிடம் விசில் பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஆட்டக்காரனாக மிதிக்காத அந்த இறுதிப் போட்டி மைதானத்தை நடுவராகவாவது மிதித்துவிட வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம்.

இந்த வருஷம் அது கைகூடியது.

"நல்லபடியா நடத்திக் கொடுங்க. அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார் போட்டிக் குழுவின் செயலாளர். "பேர் கெட்டுச்சுன்னா இதோட சரி. வயசும் ஆகுதுல்லா?"

ஆட்டம் மாலையில். நடுவர்கள் மதியமே வந்துவிட்டார்கள். ஜெசிந்தாவுக்கு அன்று மைதானத்தில் வேலை இல்லை. கோட்டுக்கு வெளியே மேசை போட்டு உட்காரும் நான்காவது நடுவர் அவர்.

அந்த ஊரில் கோல் வலைகள் கடையில் வாங்குவதில்லை. படகுக்காரர்கள் கழித்துப் போட்ட மீன்வலைகளைக் கொடுப்பார்கள். அதைத்தான் வெட்டிக் கட்டுவார்கள். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் வலையைச் சோதிப்பது நடுவர்களுக்கு ஒரு சடங்கு மாதிரி.

இருவரும் வடக்குக் கோலை நோக்கி நடந்தார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"விசில் ஊதியாச்சு. கையையும் காட்டியாச்சு. பெறகுதான் தப்புன்னு தெரியுது. அப்ப என்ன செய்யணும்?"

ஜெசிந்தா கோலுக்குப் பின்புறம் போனார். வலையை விரல்களால் தடவிக்கொண்டே மெல்ல நகர்ந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. சட்டைப்பையிலிருந்து நைலான் நூல்கண்டை எடுத்து, குத்தவைத்து உட்கார்ந்து, வலைக்கண் அறுந்திருந்த இடத்தைக் கட்டினார்.

சுடலைக்கண்ணு முன்புறம் நின்று பார்த்தார். இங்கிருந்து அவர் கண்ணுக்கு ஓட்டையே தெரியவில்லை.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே."

"தெக்குப் பக்கம் நீங்க பாத்துருங்க" என்றார் ஜெசிந்தா, நூலைப் பல்லால் கடித்தபடி.

சுடலைக்கண்ணு தெற்குக் கோலுக்குப் போனார். முன்னால் நின்று, வலையை ஒரு தரம் இழுத்து உதறினார். திடமாகத்தான் இருந்தது. திரும்பி வந்துவிட்டார்.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு டீச்சர்."

"பின்னாடி போனீங்களா?"

"எதுக்கு? எத்தனை கோல் போட்டிருப்பேன். எனக்கு வலையைத் தெரியாதா?"

ஜெசிந்தா தெற்குப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பேண்டு வாத்தியத்தோடு அணிகள் வந்துவிட்டன.

உப்பளம் அணியும் துறைமுகம் அணியும் மோதின. மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. சுவர் மேலும் ஆட்கள். மீன் லாரி மேலும் ஆட்கள். இடைவேளை வரை கோல் விழவில்லை. சுடலைக்கண்ணு ஒரு தப்பும் செய்யவில்லை. மேசைப் பக்கமாக ஓடும்போதெல்லாம் டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டார். ஜெசிந்தா ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தபோது, உப்பளம் அணித் தலைவன் இசக்கிராஜ் தெற்குக் கோலைக் குறிவைத்து ஓங்கி அடித்தான். பந்து கம்பத்தை ஒட்டிப் பறந்தது. அடுத்த கணம் வலைக்குள் கிடந்து உருண்டது.

சுடலைக்கண்ணு விசில் ஊதினார். நடுக்கோட்டைக் காட்டிக் கையை நீட்டினார். கோல்.

பறை அதிர்ந்தது. உப்பளத்து ஆட்கள் துண்டைச் சுழற்றினார்கள்.

துறைமுகம் அணியின் கோல்கீப்பர் லாரன்ஸ் மட்டும் அவரிடம் ஓடி வந்தான். சண்டைக்கு வரவில்லை.

"சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார். கம்பத்துக்கு வெளியே, பக்கவாட்டு வலையில் இருந்த ஓட்டைக்குள் லாரன்ஸ் தன் கையை விட்டான். தோள் வரை உள்ளே போனது.

"வெளிய போன பந்து சார். இது வழியா உள்ள வந்துருச்சு."

கொடி பிடித்திருந்த உதவி நடுவரைக் கேட்டார்.

"என் பக்கம் ஆள் மறைச்சுருச்சு சார். பந்து உள்ள கிடந்ததைத்தான் பார்த்தேன்."

நடுக்கோட்டில் பந்து வைத்தாகிவிட்டது. அவர் இன்னொரு முறை ஊதினால் ஆட்டம் தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் கோல் கோல்தான். அதன் பிறகு யாராலும் மாற்ற முடியாது.

சுடலைக்கண்ணு விசிலை வாயில் வைத்தார்.

அவர் பார்த்திருந்தார். பந்து பறந்தபோது, வெள்ளைக் கம்பத்துக்கு வெளிப்புறமாகத்தான் அது போனது. ஒரு கணம்தான். பிறகு வலைக்குள் பந்தைக் கண்டதும் கை தானாக நீண்டுவிட்டது. வலைக்குள் பந்து கிடந்தால் கோல். அவர் கால்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மேசைப் பக்கம் திரும்பினார். ஒரு தலையசைப்பு போதும். ஜெசிந்தா அவரைப் பார்க்கவே இல்லை. தெற்கு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடலைக்கண்ணு வாயிலிருந்து விசிலை எடுத்தார். திரும்ப நடந்தார். கோல் முன்னால் போய் நின்று ஊதினார்.

"கோல் இல்லை. பந்து வெளியே போச்சு. கோல் கிக்."

பறை நின்றது. இசக்கிராஜ் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றான்.

"நீங்கதானே கோல்னு ஊதுனீய?"

"ஆமா. தப்பா ஊதிட்டேன்."

"வலையை யாரு பாத்தா?"

"நான்தான். சரியாப் பாக்கலை."

இசக்கிராஜ் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னான்: "உங்க காலத்துல நீங்க போட்ட கோல்ல எத்தனை இப்படி ஓட்டை வழியாப் போச்சோ."

கூட்டம் சிரித்தது. சுடலைக்கண்ணு கோட்டருகே போனார்.

"டீச்சர், அந்த நூலைக் குடுங்க."

ஜெசிந்தா நூல்கண்டை நீட்டினார்.

உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். சுடலைக்கண்ணு யாரிடமும் நூலைக் கொடுக்கவில்லை. கோலுக்குப் பின்புறம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். கைக்குப் பழக்கமில்லாத வேலை. நூல் சிக்கியது. தண்ணீர் பாக்கெட் ஒன்று முதுகில் விழுந்து உடைந்தது.

"அண்ணாச்சி, வலை கட்டத்தான் வந்தீயளா? என் படகுலயும் ஒண்ணு கிழிஞ்சு கெடக்கு. அதையும் பாத்துட்டுப் போங்க" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

அவர் நிமிரவில்லை. முதல் கண்ணைக் கட்டினார். அடுத்ததைக் கட்டினார். கடைசிக் கண்ணையும் கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். நூல்கண்டை ஜெசிந்தாவிடம் திருப்பிக் கொடுத்தார். ஊதினார். ஆட்டம் தொடர்ந்தது.

கோல் இல்லாமலே ஆட்டம் முடிந்தது. பெனால்டியில் துறைமுகம் அணி கோப்பையைத் தூக்கியது.

உப்பளத்து ஆட்கள் அவரைத் தாண்டிப் போகும்போது காறித் துப்பினார்கள். ஜெயித்தவர்கள் நன்றி சொல்ல வரவில்லை. செயலாளர் வந்தார்.

"கோல்னு சொல்லிட்டீங்க, அப்படியே விட்டிருக்கலாம். இல்லேன்னா முதல்லயே வலையைப் பார்த்திருக்கலாம். ரெண்டும் இல்லாம இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். அடுத்த வருஷத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

கூட்டம் கலைந்தது. ஜெசிந்தா மேசையை மடக்கி வைத்துவிட்டு தெற்குக் கோலுக்குப் பின்னால் போனார். சுடலைக்கண்ணுவும் கூடப் போனார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"இனிமே எனக்கு ஃபைனல் கிடையாது டீச்சர்."

ஜெசிந்தா அவர் கட்டிய இடத்தை விரலால் தடவினார்.

"ஊரே துப்பிட்டுப் போகுது. நீங்களாவது சொல்லுங்க. நான் செஞ்சது சரியா?"

ஜெசிந்தா முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்தார். ஒன்று நின்றது. இன்னொன்றும் நின்றது. மூன்றாவது நழுவிக் கையோடு வந்தது.

அவர் நூல்கண்டை எடுத்து சுடலைக்கண்ணுவின் கையில் வைத்தார்.

"இது இளகியிருக்கு அண்ணாச்சி. காலையில பிள்ளைங்க ஆட வருவாங்க. இறுக்கிப் போடுங்க."